கண் வீங்கியிருக்கு, எத்தனை நாளில் வடியும்? கடையில் என்ன சொல்லி அனுப்புவது?

கவுண்ட்டர்_காட்பாடி:
மருந்துக்கடைக்கு வந்து "கண்ணு வீங்கிப்போச்சு, ஒரு சொட்டு குடுங்க"ன்னு கேக்கறவங்க எல்லாரும் அடுத்த மூச்சுல கேக்கறது "எத்தினி நாள்ல எறங்கும்?" இதுக்கு ஒரு அரைப்பக்கத் துண்டுச்சீட்டு அடிச்சு மருந்தோட சேத்துக் குடுக்கலாம்னு இருக்கேன். இப்போதைக்கு எழுதி வெச்சிருக்கறது இதுதான்: "வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். மூன்று நாளில் வீக்கம் வடியும். வடியாவிட்டால் கண் மருத்துவரைப் பார்க்கவும்." தெரிஞ்சவங்க திருத்திக் குடுங்க. சீட்டுல இடம் கம்மி, பத்து வரிக்கு மேல போகாது.

கண்சோதனை_குடியாத்தம்:
மூணு வரியில் ரெண்டு தப்பு சார். வெந்நீர் எல்லா வீக்கத்துக்கும் ஆகாது. மூணு நாளும் எல்லாத்துக்கும் பொருந்தாது. அலர்ஜி வீக்கம் ஒரே ராத்திரியில் பாதி இறங்கிடும். இமைக்குள்ள எண்ணெய்ச் சுரப்பி அடைச்ச கட்டி ரெண்டு மாசம் ஆனாலும் அப்படியே உக்காந்திருக்கும். அதுக்காக அது ஆபத்துன்னும் அர்த்தமில்லை. இன்னொரு வீக்கம் இருக்கு, அதுக்கு மூணு நாள் பொறுத்தா பார்வையே போகும். எல்லாத்துக்கும் "மூன்று நாள்"னு அச்சடிச்சா, ரெண்டாவது ஆளை வீணா அலைய விடுவீங்க, மூணாவது ஆளை வீட்டுல உக்கார வெப்பீங்க.

நாள் கணக்கு சொல்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது மூணு. ஒரு கண்ணா ரெண்டு கண்ணா? அரிப்பா வலியா? விரலை வெச்சா ஒரு இடத்துல பட்டாணி மாதிரி தட்டுப்படுதா, இல்ல இமை முழுக்க பன்னு மாதிரி உப்பியிருக்கா? ரெண்டு கண்ணும் அரிச்சு உப்பியிருந்தா பெரும்பாலும் அலர்ஜி. ஒரு கண்ணுல, இமை ஓரத்துல, தொட்டா வலிக்குற ஒரே புள்ளின்னா கண்கட்டி. வலியே இல்லாம உருண்டையா தட்டுப்பட்டா அது அடைச்ச சுரப்பி, டாக்டர்ங்க 'சலேசியன்'னு எழுதுவாங்க. மூக்கோரம், உள்மூலையில் வீங்கி, கொஞ்ச நாளாவே அந்தக் கண்ணுல தண்ணி வடிஞ்சுகினு இருந்திருந்தா கண்ணீர்ப்பை சீழ் வெச்சிருக்கு. அதைக் கடையில வெச்சுப் பாக்கக் கூடாது.

கண்கட்டி: முதல் ரெண்டு நாள் வீக்கம் ஏறும், மூணு நாலாம் நாள் முடி வேர்ல மஞ்சள் முனை தெரியும், தானா உடைஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும். மூணாம் நாள்தான் உச்சம். உங்க சீட்டைப் படிச்சவர் சரியா அன்னைக்குத்தான் பயந்து போய் நிப்பார்.

வார்டு_அக்கா:
ஒத்தடத்தைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. "வெந்நீர் ஒத்தடம்"னு ரெண்டு வார்த்தையில் எழுதினா ஆளுக்கு ஒரு மாதிரி செய்வாங்க. ஒருத்தர் துணியை நனைச்சு அரை நிமிஷம் வெச்சு எடுத்துடுவார். இன்னொருத்தர் அவிச்ச முட்டையைத் துணியில சுத்தி கண்ணுமேல வெப்பார், இமைத் தோல் கொப்பளிச்சுடும். உடம்புலயே மெல்லிய தோல் அது.

அடைச்சிருக்கற எண்ணெய் வெண்ணெய் மாதிரி இறுகிக் கிடக்கு. அது இளகணும்னா இமைக்கு 40 டிகிரிக்கு மேல சூடு, பத்து நிமிஷமாவது விடாம கிடைக்கணும். தெர்மாமீட்டர் வேணாம். ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணிக்கு நாலு டம்ளர் குழாய்த் தண்ணி. கிட்டத்தட்ட 45 டிகிரி வரும். சித்திரை, வைகாசியில வேலூர்ல மாடித் தொட்டித் தண்ணியே கையைச் சுடும், அப்ப குடத்துத் தண்ணியில கலக்கணும். மணிக்கட்டு உள்பக்கம் வெச்சா சூடா இருக்கணும், ஆனா கையை இழுத்துக்கற மாதிரி இருக்கக் கூடாது.

சுத்தமான சின்னத் துண்டை நாலா மடிச்சு நனைச்சு, சொட்டாத அளவு பிழிஞ்சு, கண்ணை மூடிகினு மேல வெக்கணும். ரெண்டு நிமிஷத்துல துணி ஆறிடும், மறுபடி நனைக்கணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பத்து நிமிஷத்துக்கு அஞ்சு தடவை நனைக்கணும்னு சீட்டுல எழுதுங்க. ஒரு நாளைக்கு நாலு வேளை. ஒத்தடம் முடிஞ்ச கையோட, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, மேல் இமைன்னா மேலேர்ந்து கீழ முடியைப் பாத்து, கீழ் இமைன்னா கீழேர்ந்து மேல, விரல் நுனியால மெதுவா பத்து தடவை நீவணும். கட்டியைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினா சீழ் வெளிய வராம இமைக்குள்ளயே பரவும். அந்தத் துண்டை வேற யாரும் தொடக் கூடாது, தினமும் துவைச்சு வெயில்ல போடணும்.

கவுண்ட்டர்_காட்பாடி:
அக்கா, அப்ப ஐஸ் எப்ப? சிலர் ஐஸ் வெச்சு நல்லா ஆச்சுன்னு வராங்க, சிலர் இன்னும் ஜாஸ்தி ஆச்சுன்னு வராங்க.

வார்டு_அக்கா:
அரிக்கறதுக்கும் அடிபட்டதுக்கும் குளிர்ச்சி. கட்டிக்கும் அடைப்புக்கும் சூடு. இதை மாத்திப் போட்டாதான் ஜாஸ்தி ஆகும். அரிச்சு வீங்கின கண்ணுக்குச் சுடுதண்ணி வெச்சா ரத்தக்குழாய் விரிஞ்சு இன்னும் உப்பும். அடைச்ச சுரப்பிக்கு ஐஸ் வெச்சா எண்ணெய் இன்னும் இறுகும்.

பந்து பட்டு, முட்டிக்கினு கறுத்த கண்ணுக்கு முதல் ரெண்டு நாள் குளிர்ச்சி. ஐஸைத் துணியில சுத்தி, கண்ணுமுழியை அழுத்தாம, பத்து நிமிஷம் வெச்சு எடுக்கணும். விழிச்சிருக்கற நேரத்துல ரெண்டு மணிக்கு ஒரு தடவை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல மண்பானைத் தண்ணியில நனைச்ச துணி போதும், அடிக்கடி மாத்தணும், அவ்வளவுதான். மூணாம் நாள்லேர்ந்து மிதமான சூடு. நிறம் ஊதாவுலேர்ந்து பச்சை, அப்புறம் மஞ்சள்னு மாறி, மறைய ரெண்டு வாரம் ஆகும். வீக்கம் நாலஞ்சு நாள்ல இறங்கிடும், நிறம்தான் நிக்கும். மறுநாள் கீழ் இமைக்கும் கன்னத்துக்கும் கறுப்பு இறங்கினா பரவுதுன்னு பயப்பட வேணாம், ரத்தம் கீழ்நோக்கி இறங்குது. ஆனா ரெண்டு ரெண்டா தெரியுது, கன்னம் மரத்திருக்கு, மேல பாக்க முடியலைன்னா கண்குழி எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். அவங்க மூக்கைச் சிந்தவே கூடாது. சைனஸ் காத்து கண்குழிக்குள்ள ஏறி இமை பலூன் மாதிரி ஊதிடும்.

ஆரணி_வயல்:
ஐப்பசி, கார்த்திகையில ஆரணி, போளூர், செய்யாறு பக்கம் வர்ற வீக்கத்தை விட்டுட்டீங்க. நெல்வயல்ல ஒரு சின்னப் பூச்சி இருக்கு. எறும்பு மாதிரி நீளமா, தலை கறுப்பு, நடு ஆரஞ்சு, வால் கறுப்பு. பயிருக்கு அது நண்பன், புகையான் மாதிரி பூச்சிங்களைத் தின்னும், அதனால மருந்து அடிச்சு அதைக் கொல்லணும்னு கிளம்பாதீங்க. ராத்திரி டியூப்லைட்டுக்கு வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்துல, இமையில ஊறுறப்ப நாம அடிச்சு நசுக்கறோம் பாருங்க, அப்பதான் அது உடம்புல இருக்கற பெடரின்ங்கற விஷச்சாறு தோல்ல படுது. சிலர் ஆசிட் பூச்சின்னு சொல்றது இதைத்தான்.

பட்ட உடனே ஒண்ணும் தெரியாது. மறுநாள் காலையில கோடு கோடா சிவந்து எரியும், அதுக்கு அடுத்த நாள் கொப்பளம். கையில நசுக்கிட்டுக் கண்ணைத் தேச்சவங்களுக்கு இமை மூடிக்கும். அக்கின்னு நினைச்சு செம்மண் பூசி எழுத வெக்கறதும் இதுக்குத்தான் ஜாஸ்தி. ஒரு வாரம் பத்து நாள்ல காஞ்சு உதிரும், கறுத்த தழும்பு இன்னும் சில வாரம் நிக்கும். மேல ஊறினா அடிக்காம ஊதித் தள்ளணும். நசுங்கிட்டா உடனே சோப்பு போட்டு அந்த இடத்தைக் கழுவணும், கையையும் கழுவணும். மறுநாள் கழுவி பிரயோஜனம் இல்லை.

வார்டு_அக்கா:
அதோட தேனீ, குளவியையும் சேத்துக்கலாம். இமையில கொட்டினா வீக்கம் ரெண்டாம் நாள் வரைக்கும் ஏறிகினேதான் போகும், அப்புறம்தான் இறங்கும். மூணு நாள்லேர்ந்து ஒரு வாரம். தேனீ கொடுக்கு உள்ள நின்னா எந்த வழியிலயாவது சீக்கிரம் எடுக்கணும். நகத்தால சுரண்டறதா, பிடுங்கறதான்னு யோசிச்சுகினு நிக்கற நேரத்துல விஷம் இறங்கும். பெரியவங்களுக்கு அலர்ஜி மாத்திரை செட்ரிசின் 10 மி.கி. ராத்திரி ஒண்ணு, குளிர்ந்த ஒத்தடம்.

கண்ணோட சேர்ந்து உதடு, நாக்கு வீங்குது, குரல் கம்முது, மூச்சு இழுக்குது, உடம்பெல்லாம் தடிப்பு வருதுன்னா அது கண் வீக்கமே இல்லை. மாத்திரை குடுத்து வேடிக்கை பாக்கக் கூடாது. அதுக்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கச் சதையில, பெரியவங்களுக்கு அரை மி.லி. 108-ஐக் கூப்பிட்டு, ஆளைப் படுக்க வெச்சுக் காலை உயர்த்தணும். மூச்சுத் திணறினா மட்டும் உக்கார வெக்கலாம்.

இன்னொண்ணு தம்பி, உங்க கடையிலயே தெரியும். இரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், ராமிப்ரில் சாப்பிடறவங்களுக்கு அரிப்பே இல்லாம திடீர்னு இமை, உதடு வீங்கலாம். மாத்திரை ஆரம்பிச்சு வருஷக் கணக்கு ஆனப்புறமும் வரும். செட்ரிசின் அதுக்குக் கேக்காது. மாத்திரைச் சீட்டைப் பாத்து அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும்.

கவுண்ட்டர்_காட்பாடி:
இது எனக்குத் தோணவே இல்லை, சேத்துக்கறேன். இப்ப சொட்டு மருந்து. உண்மையைச் சொல்றேன், டெக்ஸா கலந்த சொட்டு போட்டா மறுநாளே சிவப்பு போயிடுது. அதைப் பேர் சொல்லியே கேக்கறாங்க. இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க. சீட்டுல ஒரு ஆண்ட்டிபயாட்டிக் சொட்டு பேராவது போட்டா என்ன?

கண்சோதனை_குடியாத்தம்:
மறுநாளே சிவப்பு போறதுதான் சார் சிக்கல். டெக்ஸாங்கற டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது கிருமியைத் தொடாது, உடம்பு காட்டற எதிர்ப்பைத்தான் அமுக்கும். வலி, சிவப்பு, வீக்கம் எல்லாம் உடம்போட சண்டைச் சத்தம். சத்தத்தை அடக்கிட்டா சண்டை முடிஞ்ச மாதிரி இருக்கும்.

நெல் தூத்தும்போது உமி பட்ட கண்ணு, கரும்புச் சோகை கீறின கண்ணு, இதுல பூஞ்சை வந்து உக்காரும். நம்ம பக்கத்து விவசாயக் கருவிழிப் புண்ணுல பூஞ்சை ரொம்ப சகஜம். அதுக்கு மருந்து நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு, ஒவ்வொரு மணிக்கும் போடற கணக்கு, வாரக்கணக்குல. டெக்ஸா போட்டா ரெண்டு நாள் நல்லா இருக்கும், அஞ்சாம் நாள் கருவிழியில சாம்பல் நிறத்துல ஒரு புள்ளி, ஓரம் இறகு மாதிரி பிசிறடிச்சு நிக்கும். அங்கேர்ந்து பார்வையை மீட்கறது பெரிய பாடு. கடையில டார்ச் அடிச்சு ஒரு தடவை பாருங்க. கறுப்பு வட்டத்துல வெள்ளையோ சாம்பலோ ஒரு புள்ளி தெரிஞ்சா எந்தச் சொட்டும் குடுக்காம அன்னைக்கே அனுப்புங்க.

மாசக் கணக்குல ஸ்டீராய்டு சொட்டு போட்டா கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். கோடையில கண்ணு அரிக்கற பசங்களுக்கு அம்மாக்கள் வருஷா வருஷம் அதே பழைய சீட்டைக் காட்டி வாங்கிகினு போறது இப்படித்தான் விபரீதமாகுது. அந்தப் பசங்களுக்கு ஓலோபட்டடின்ங்கற அலர்ஜிச் சொட்டு 0.1 சதவீதம் காலை, மாலை ஒரு சொட்டு. குளிர்ந்த ஒத்தடம். கண்ணைக் கசக்காம இருக்கறது. கசக்கறதே வீக்கத்தை வளக்கும், வருஷக்கணக்குல கசக்கினா கருவிழி கூம்பாவும் ஆகலாம்.

சாதாரண வெளிக் கண்கட்டிக்கு ஆண்ட்டிபயாட்டிக் சொட்டால பெரிசா லாபம் இல்லை. சீழ் இமைத் தோலுக்குள்ள இருக்கு, சொட்டு கண்ணுக்குள்ள விழுது. ஒத்தடம்தான் வேலை செய்யும்.

செய்யாறு_சித்தா:
நாட்டு வைத்தியம்னு ஒரு பக்கம் மொத்தமா ஒதுக்காம, எது கண்ணுக்குள்ள போகுது, எது வெளிய நிக்குதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. கண்கட்டிக்கு நாமக்கட்டி உரைச்சுப் பூசறது நம்ம ஜில்லாப் பழக்கம். எங்க பக்கத்து ஜடேரியில செய்யற நாமக்கட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. வெள்ளைக் களிமண் அது. ஈரமா பூசினா தோலைக் குளிர வைக்கும், காயும்போது இழுக்கும். மூடின இமைக்கு மேல, முடிவரிசைக்கு அரை விரல் தள்ளி, கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில உரைச்சுப் பூசினா தீங்கு அதிகம் இல்லை. காஞ்சு உதிர்ற தூள் கண்ணுக்குள்ள விழுந்தா மணல் மாதிரி கருவிழியைக் கீறும், அதனால முழுக்கக் காயறதுக்குள்ள ஈரத்துணியால எடுத்துடணும்.

கண்ணுக்குள்ள எதையும் விடாதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தேன், இளநீர் எதுவும் வேணாம். நூல்ல இருக்கறதுக்கும் கொல்லையில பிழியறதுக்கும் நடுவுல சுத்திகரிப்பு, அளவு, வடிகட்டல்னு ஆயிரம் இருக்கு.

எருக்கம்பாலை மட்டும் தனியா பெரிய எழுத்துல போடுங்க. ரதசப்தமி அன்னைக்கு எருக்கிலையைத் தலையில, தோள்ல வெச்சுக் குளிக்கறோம், விநாயகர் சதுர்த்திக்குப் பூ பறிக்கறோம். பால் கண்ணுல தெறிச்சா முதல்ல வலி அதிகமா தெரியாது, மரத்துப்போகும். அதனால விட்டுடுவாங்க. சில மணி நேரத்துல பார்வை மட்டும் புகை மூட்டமா மங்கும். கருவிழியின் உள்ளடுக்கைத் தாக்கி அதை நீர்கோத்து வீங்க வைக்குது. உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவி, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போனா பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

டேனரி_சேஃப்டி_ராணிப்பேட்டை:
சுண்ணாம்பைப் பத்தி யாரும் பேசலையே. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் தோல் பதனிடற டேனரி ஊர். முடி உதிர்க்கற குழியிலயும் டிரம்முலயும் சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு கலந்திருக்கும். ரெண்டுமே காரம். வீட்டுலயும் இருக்கு, வெத்தலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கினா நேரா கண்ணுக்குத்தான் பீச்சும்.

அமிலம் பட்டா மேல் அடுக்கு வெந்து அதுவே ஒரு தடுப்பா நிக்கும். காரம் அப்படி நிக்காது, சதையைக் கரைச்சுகினே உள்ள போகும். அதனால "ஆஸ்பத்திரிக்குத் தூக்கு"ன்னு ஓடறது தப்பு. முதல்ல அந்த இடத்துலயே தண்ணி. அரை மணி நேரம், கடிகாரத்தைப் பாத்து. படுக்க வெச்சு, பட்ட கண்ணு கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி தலையைச் சாய்ச்சு, உள்மூலையிலேர்ந்து வெளிய ஓடற மாதிரி ஊத்தணும். நேரா மேல ஊத்தினா நல்ல கண்ணுக்கும் போகும். ஒருத்தர் ரெண்டு விரலால இமையைப் பிரிச்சுப் பிடிக்கணும், வலியில அவரால தானா திறக்க முடியாது. மேல் இமையைத் திருப்பிப் பாக்கணும், சுண்ணாம்புக் கட்டி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஈரப் பஞ்சுக் குச்சியால துடைச்சு எடுக்கணும். அது உள்ள இருக்கற வரைக்கும் எத்தனை வாளி ஊத்தினாலும் காரம் ஊறிகினே இருக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சமப்படுத்தறேன்னு யாரும் கிளம்பக் கூடாது.

கழுவி முடிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு காரம் எவ்வளவுன்னு காட்டற பி.ஹெச். தாளைக் கீழ் இமை உள்பக்கம் தொட்டுப் பாருங்க. ஏழு, ஏழரைக்குள்ள வரணும். அதுக்கு மேலன்னா மறுபடி கழுவு.

டேனரியில கண் கழுவும் குழாய் பத்து நொடி நடையில இருக்கணும், நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர், பதினஞ்சு நிமிஷம் நிக்காம வரணும்னு கணக்கு. நம்ம ஊர்ல அந்தக் குழாய் வெயில்ல ஓடினா முதல்ல வர்ற தண்ணியே சுடும். பைப்பை நிழல்ல இழுங்க, இல்ல சாக்கு சுத்துங்க, வாரம் ஒரு தடவை திறந்து விடுங்க. துருத் தண்ணி கண்ணுக்குள்ள போகக் கூடாது.

கடைசியா ஒண்ணு. காரம் பட்ட கண்ணு சிவந்திருந்தா நல்லதுன்னு எடுத்துக்கலாம். வெளுத்துப்போய் அமைதியா இருந்தாதான் மோசம், ரத்த ஓட்டமே செத்திருக்குன்னு அர்த்தம். வீக்கம் இல்லையேன்னு ஏமாறாதீங்க.

வாலாஜா_குழந்தைநலம்:
குழந்தைகளுக்கு இரண்டே இரண்டு விஷயம் அந்தச் சீட்டில் இருந்தாக வேண்டும்.

முதலாவது: காலையில் எழுந்தவுடன் இரண்டு கண்ணும் உப்பியிருக்கிறது, அரிப்பில்லை, சிவப்பில்லை, மாலைக்குள் கண் வடிந்து கால் வீங்குகிறது. இது கண்ணின் நோயல்ல, சிறுநீரகம். படுத்திருக்கும்போது நீர் முகத்துக்கு வருகிறது, நடமாடும்போது காலுக்கு இறங்குகிறது. சிறுநீர் நுரை நுரையாகப் போகும். இதை அலர்ஜி என்று நினைத்து வாரக்கணக்கில் செட்ரிசின் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. காலை முதல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தால் முடிந்தது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். நெஃப்ரோடிக் (சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் நோய்) என்றால் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியபின் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வாரத்துக்குள் ஆல்புமின் நின்று வீக்கம் வடியும். வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. முதல் முறை என்றால் ஆறு வாரம் தினமும், பின் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் குறைவாகப் போனால் வேறு வகை. தொண்டைப் புண்ணுக்கோ சிரங்குக்கோ சில வாரங்கள் கழித்து வரும். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். அன்றே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது: சளி, காய்ச்சலுக்குப் பின் ஒரு பக்க இமை சிவந்து, சூடாக, கண்ணே திறக்காத அளவு வீங்குவது. இமையோடு நிற்கிறதா, கண்குழிக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. கையைக் கழுவி, இரண்டு இமையையும் மெதுவாகப் பிரித்து, டார்ச் விளக்கை இடம் வலம் மேல் கீழ் நகர்த்திக் குழந்தை விழியால் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். நல்ல கண்ணை மூடி, வீங்கிய கண்ணால் சுவரில் மாட்டிய நாள்காட்டியின் பெரிய தேதி எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். விழி நகரவில்லை, நகர்த்தினால் வலிக்கிறது, முன்னால் பிதுங்கியிருக்கிறது, பார்வை மங்கல், இதில் ஒன்று இருந்தாலும் மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது. சி.டி. ஸ்கேன், காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பு வழி ஆண்ட்டிபயாட்டிக் எல்லாம் ஒரே கூரையில் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ சி.எம்.சி.யோ. இமையோடு நின்றிருந்தால் மாத்திரையில் ஒன்றிரண்டு நாளில் இறங்கத் தொடங்கும், ஒரு வாரம் பத்து நாள் மருந்து. 48 மணி நேரத்தில் இறங்கத் தொடங்காவிட்டால் அதுவும் மருத்துவமனைக்கே.

கவுண்ட்டர்_காட்பாடி:
டாக்டர், மெட்ராஸ் ஐ சீசன்ல பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் அனுப்பக் கூடாதுன்னு கேக்கறாங்க. அதுலயும் இமை வீங்கித்தான் வராங்க.

கண்சோதனை_குடியாத்தம்:
டாக்டர் வர்ற வரைக்கும் நான் சொல்றேன். மெட்ராஸ் ஐ அடினோவைரஸால வந்ததுன்னா மூணாம் நாள்லேர்ந்து அஞ்சாம் நாள் வரைக்கும் ஏறும், ரெண்டு வாரத்துல அடங்கும். முதல் கண்ணு இறங்கும்போது ரெண்டாவது கண்ணு ஆரம்பிக்கும், அதனால் வீட்டுக்காரங்களுக்கு "மருந்து கேக்கலை"ன்னு தோணும். ரத்தச் சிவப்பா திட்டுத்திட்டா வர்ற வகை ஒரு வாரத்துலயே போயிடும். கண்ணுலேர்ந்து தண்ணி வடியற வரைக்கும் ஒட்டும். வைரஸுக்கு ஆண்ட்டிபயாட்டிக் சொட்டு வேலை செய்யாது. கண்ணை ஈரமா வெக்கற லூப்ரிகன்ட் சொட்டு, குளிர்ந்த ஒத்தடம், தனித் துண்டு, தனித் தலையணை உறை. கறுப்புக் கண்ணாடி போட்டா பரவாதுன்னு இல்ல, பாத்தா ஒட்டிக்கும்னும் இல்ல. கை வழியாத்தான் பரவுது. சானிடைசரை நம்பாம சோப்பு போட்டுக் கழுவணும். சிவப்பு போனப்புறமும் பார்வை மங்கலா, வெளிச்சம் கூசினா கருவிழியில புள்ளிகள் வந்திருக்கு, காட்டணும்.

வாலாஜா_குழந்தைநலம்:
சரியாகச் சொன்னீர்கள். நீர் வடிவது நின்றபின் பள்ளிக்கு அனுப்பலாம். பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைக்குச் சீழோடு இமை வீங்கினால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, அன்றே மருத்துவமனை.

ஆரணி_வயல்:
வீக்கம்னு சொல்லிகினு வர்றதுல வீக்கமே இல்லாதது ஒண்ணு இருக்கு. தரையில பாய் போட்டுப் படுத்தவர் விடியகாலையில வயித்து வலியோட எழுந்து, "கண்ணைத் திறக்க முடியலை, இமை கனமா இருக்கு"ன்னு சொல்றார். தொட்டுப் பாத்தா உப்பல் இல்லை, சிவப்பில்லை, ரெண்டு இமையும் தொங்குது. கட்டுவிரியன் கடிச்சிருக்கு. கடிவாய் கண்ணுக்கே தெரியாது, வலிக்கவும் வலிக்காது. சொட்டு வாங்கப் போற நேரம் இல்லை அது, அடுத்து மூச்சுதான் நிக்கும். விஷமுறிவும் வென்டிலேட்டரும் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போகணும்.

வார்டு_அக்கா:
அருமையா சொன்னீங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கும் ஒரு வரி வேணும். சர்க்கரை ஏறிக் கிடக்கறவருக்கு ஒரு பக்கம் கண் வீங்கி, கன்னம் வலிச்சு, மூக்குல கறுப்பா பொருக்கு வந்தா கறுப்புப் பூஞ்சை. 2021-ல எல்லாருக்கும் அந்தப் பேர் தெரிஞ்சுது, இப்ப மறந்துட்டாங்க. அதே நாள் அட்மிஷன்.

கண்புரை ஆபரேஷன் ஆனவங்களுக்கு முதல் ரெண்டு நாள் இமை லேசா வீங்கியிருக்கும். நாளாக நாளாகக் குறையணும். நல்லா இருந்த கண்ணு மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ வலிச்சு, மங்கி, வீங்கினா மறு பரிசோதனைத் தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போகணும். ராத்திரின்னாலும்.

வயசானவங்களுக்கு வெட்டி எடுத்த கட்டி அதே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா, அங்க இமை முடி உதிர்ந்திருந்தா, சதையை எடுத்து பயாப்ஸி அனுப்பச் சொல்லிக் கேளுங்க. எண்ணெய்ச் சுரப்பிப் புத்துநோய் சலேசியன் வேஷத்துலதான் வரும்.

கவுண்ட்டர்_காட்பாடி:
பத்து வரிச் சீட்டு போஸ்டர் ஆயிடும் போலிருக்கு. இப்படிச் செய்யறேன், சரியான்னு சொல்லுங்க. முன்பக்கம் ஒத்தடம் மட்டும்: ஒண்ணுக்கு நாலு, அஞ்சு தடவை நனை, பத்து நிமிஷம், நாலு வேளை. கூடவே "அரிப்புன்னா குளிர்ச்சி". பின்பக்கம் அன்னைக்கே ஓட வேண்டியது. நாள் கணக்கை அச்சடிக்கலை. "____ தேதிக்குள் இறங்காவிட்டால் கண் டாக்டர்"னு கோடு விட்டு, மூணு கேள்வி கேட்டுட்டு நானே கையால எழுதித் தரேன்.

கண்சோதனை_குடியாத்தம்:
ரொம்பச் சரி. கண்கட்டின்னா பத்து நாள் தள்ளி எழுதுங்க, அலர்ஜின்னா ரெண்டு நாள், வலியில்லாத உருண்டைன்னா ஒரு மாசம். கீழேயே சின்னதா இதையும் சேருங்க: சொட்டு ஒண்ணு போதும், ரெண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். அடுத்த மருந்துக்கு அஞ்சு நிமிஷ இடைவெளி. பாட்டில் திறந்து 28 நாள்ல குப்பை.

டேனரி_சேஃப்டி_ராணிப்பேட்டை:
தேதியை பில் பின்னாடி எழுதிக் குடுத்துடாதீங்க சார். அது சூடு பட்டா கறுக்கற தெர்மல் பேப்பர். வெள்ளைத்தாள்ல பால்பாயிண்ட்.